மணலிக் காற்றுக்குப் பெயர் வைத்தல்: சி.எஃப். நியமப் பெயர் அட்டவணை, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எண்ணூர், மணலி, கொடுங்கையூர், காசிமேடு ஆகிய இடங்களின் மொட்டை மாடிகளில் பொருத்தப்பட்டிருக்கும் ஒன்பது சென்சார் பெட்டிகளின் அளவீடுகளைச் சேகரித்து, ஒழுங்குபடுத்தி, கேட்பவர்களுக்குக் கொடுக்கும் வேலையைத் தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய அறையில் இருந்துகொண்டு நாங்கள் நான்கு பேர் செய்துவருகிறோம். கல்லூரி மாணவர்கள் கேட்கிறார்கள், குடியிருப்போர் சங்கத்தினர் கேட்கிறார்கள், சில சமயம் வழக்கறிஞர்களும் கேட்கிறார்கள். சென்ற ஓராண்டாக எங்கள் கோப்புகள் அனைத்திலும் மாறிகளுக்கு, அதாவது அளக்கப்படும் ஒவ்வொன்றுக்கும், பெயரிட நாங்கள் பயன்படுத்திவருவது சி.எஃப். நியமப் பெயர் அட்டவணை. இது கடையில் வாங்கும் பொருள் அல்ல. இணையத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நீண்ட பட்டியல். ஆனால் பணம் கொடுத்து வாங்கிய எந்தக் கருவியையும்விட எங்கள் வேலையை மாற்றியது இதுதான் என்பதால், ஒரு பொருளை மதிப்பிடுவது போலவே இதையும் மதிப்பிட்டு எழுதுகிறேன்.

சி.எஃப். என்பது ‘கிளைமேட் அண்ட் ஃபோர்காஸ்ட்’ என்பதன் சுருக்கம். வளிமண்டல, கடல் ஆய்வாளர்கள் தரவுகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் நெட்சிடிஎஃப் கோப்புகளுக்குள் எதை எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லும் மரபு இது. 1995ஆம் ஆண்டின் கோர்ட்ஸ் என்னும் பழைய மரபிலிருந்து வளர்ந்து, 2003இல் 1.0 பதிப்பாக வெளிவந்தது. அதன் ஓர் அங்கம்தான் இந்த அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், அதற்குரிய அடிப்படை அலகு, அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்னும் விளக்கம் ஆகியவை இருக்கும். பெயர்கள் பெரும்பாலும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இட்டு எழுதப்பட்டவை. எண்ணிட்ட பதிப்புகளாக அவ்வப்போது புதுப்பிக்கப்படுகிறது. இப்போது நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன.

எங்களுக்கு இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்ல, எண்ணூர் பெட்டியின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். பெட்டிகளை எங்களுக்கு விற்றவர்கள் கொடுத்த கோப்பில் தலைப்பு வரி இப்படித்தான் இருந்தது: டெம்ப்1, டெம்ப்2, ஹியூமிட், பிஎம்25, டபிள்யூடி, எஸ்ஓ2. ஒரு மே மாதத்தில், ஆய்வுக்காகத் தரவு கேட்டு வந்த மாணவி ஒருவருக்கு அந்தக் கோப்பை அப்படியே கொடுத்தோம். மீனம்பாக்கத்தைவிட எண்ணூர் பகலில் ஒன்பது டிகிரிக்கு மேல் சூடாக இருக்கிறது என்று கணக்கிட்டு அவர் மகிழ்ச்சியோடு வந்து சொன்னார். அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் என்பதால் எங்களுக்கும் அது நம்பக்கூடியதாகவே இருந்தது. நானே அதை இரண்டு கூட்டங்களில் எடுத்துச் சொல்லிவிட்டேன். பிறகு ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு அந்த மாடிக்கு ஏறிப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாதாரண வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தேன். அது 35 டிகிரி காட்டியது. அதே நிமிடத்தில் டெம்ப்1 காட்டியது 46. கைப்பிடிச் சுவரில் திருகியிருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்ததும் விஷயம் விளங்கியது. டெம்ப்1 என்பது பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகையின் சூடு. காற்றின் வெப்பநிலையை அளக்கும் கம்பி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அளவுதான் டெம்ப்2.

சி.எஃப். அட்டவணையில் ‘டெம்ப்’ என்று எதுவும் இல்லை. ஏர்_டெம்பரேச்சர் இருக்கிறது, சர்ஃபேஸ்_டெம்பரேச்சர் இருக்கிறது. முதலாவதன் விளக்கத்தில், இது காற்றின் வெப்பநிலை, தரைப்பரப்பின் வெப்பநிலை அன்று என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைப் படிக்கும்போதே, ‘நம்மிடம் இருப்பது இரண்டில் எது?’ என்ற கேள்வி தானாக எழுந்துவிடுகிறது. அந்தக் கேள்வியை அன்றே யாராவது எங்களிடம் கேட்டிருந்தால் நாங்கள் முதல் நாளே பெட்டியைத் திறந்து பார்த்திருப்போம். ஆகவே இந்த அட்டவணையில் மிகவும் மதிப்புள்ள பகுதி எது என்று என்னைக் கேட்டால், பெயர்களைவிட அவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கங்கள்தான் என்பேன். பெயரை மட்டும் தேடி எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதனால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது.

டெம்ப்1க்கு நாங்கள் எந்த நியமப் பெயரும் இடவில்லை. சி.எஃப். மரபு அதற்கு இடம் தருகிறது: பொருந்தும் பெயர் இல்லையென்றால் நியமப் பெயரை விட்டுவிட்டு, ‘லாங் நேம்’ என்னும் இடத்தில் மனிதர் படிக்கும் விளக்கத்தை மட்டும் எழுதிக்கொள்ளலாம். ‘பெட்டிக்குள் மின்சுற்றுப் பலகையின் வெப்பநிலை, காற்றின் வெப்பநிலை அன்று’ என்று அதில் தமிழிலேயே எழுதினோம். பழைய மென்பொருள் ஒன்று அதைக் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது என்றாலும், எங்களிடம் கோப்பு வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்துவிடுகிறார்கள்.

அடுத்தது காற்றின் திசை. இதில் நேர்ந்த பிழையை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு தெருவினர், இரவு பதினொரு மணிக்கு மேல் தாங்க முடியாத நாற்றம் வருகிறது, அந்நேரத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார்கள். டபிள்யூடி என்னும் பத்தியைப் பார்த்து, 80 முதல் 100 டிகிரி வரை, அதாவது கடல் பக்கமிருந்து வருகிறது என்று பதில் சொன்னோம். அந்தத் தெருவுக்குக் கிழக்கே கடல், மேற்கே மணலி. சில வாரங்கள் கழித்து ஒரு மாலை நான்கு மணிக்குக் காசிமேட்டுத் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தபோது, கடல்காற்று முகத்தில் அடித்துக்கொண்டிருக்கையில் கைப்பேசியில் அங்குள்ள எங்கள் பெட்டியின் அளவைப் பார்த்தேன். 270 என்று இருந்தது. கருவி காட்டிக்கொண்டிருந்தது காற்று போகும் திசையை. ஒன்பது பெட்டிகளும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டவை என்பதால், அந்தத் தெருவினருக்கு நாங்கள் சொன்ன பதில் 180 டிகிரி தலைகீழ். திரும்பிப் போய் அவர்களிடம் அதை ஒப்புக்கொண்டு, இரவில் அங்கே வீசியது மேற்கிலிருந்து வந்த நிலக்காற்று என்று சொல்லிவிட்டு வந்தோம்.

அன்று மாலை பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கொண்டல் என்றால் கிழக்கிலிருந்து வருவதா, கிழக்கே போவதா என்று கேட்டேன். “காத்து எங்கேருந்து வருதோ அத்தவச்சுதான் பேரு, தம்பி. போற எடத்த வெச்சு எவனாச்சும் பேர் வைப்பானா?” என்றார். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை என்று நம் மொழி ஐயத்துக்கு இடமின்றிப் பெயர் வைத்திருக்கிறது. வானிலையாளர்களின் வழக்கமும் அதுவே. ஆனால் கருவி செய்பவர்களும் கணினி மாதிரி எழுதுபவர்களும் எல்லோரும் அப்படிச் செய்வதில்லை என்பதால், சி.எஃப். அட்டவணை இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது: விண்ட்_ஃப்ரம்_டைரக்‌ஷன், விண்ட்_டு_டைரக்‌ஷன். நடுவில் இருக்கும் அந்த ஒரு சொல், எந்தப் பக்கம் என்பதை எழுதுபவர் தீர்மானித்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. காற்றை இரு கூறுகளாகப் பிரித்துச் சொல்லும் ஈஸ்ட்வர்ட்_விண்ட், நார்த்வர்ட்_விண்ட் ஆகியவை போகும் திசையைக் குறிப்பவை. அதாவது கோடைக் காற்று வீசும்போது ஈஸ்ட்வர்ட்_விண்ட் நேர்மதிப்பில் இருக்கும். மாலைக் கடல்காற்று வந்ததும் அது எதிர்மதிப்பாகும். முதல் வாரத்தில் இது குழப்பும். விளக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் பழகிவிடும்.

மணலியைப் பொறுத்தவரை எல்லோரும் முதலில் கேட்பது கந்தக டையாக்சைடு அளவைத்தான். எங்களிடம் ஒரே பெட்டியின் இரண்டு காலகட்டக் கோப்புகள் இருந்தன. ஜனவரிக் கோப்பில் மாதச் சராசரி 11. மென்பொருள் மாற்றத்துக்குப் பிறகு வந்த மார்ச் கோப்பில் 29. இரண்டிலும் தலைப்பு எஸ்ஓ2 என்பதே. இரண்டு மாதங்களில் மாசு இரண்டரை மடங்காகிவிட்டது என்று துண்டறிக்கை அச்சடிக்கும் கட்டம் வரை போய்விட்டோம். எங்களில் ஒருவர் 29ஐ 11ஆல் வகுத்துப் பார்த்து, வந்த விடை 2.6 என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். 25 டிகிரி வெப்பநிலையிலும் கடல்மட்ட அழுத்தத்திலும், காற்றில் நூறு கோடியில் ஒரு பங்கு கந்தக டையாக்சைடு இருந்தால் அது ஒரு கனமீட்டருக்கு 2.62 மைக்ரோகிராம். காற்று மாறவே இல்லை, அலகுதான் மாறியிருந்தது. அந்தத் துண்டறிக்கை வெளியே போயிருந்தால் அடுத்த முறை நாங்கள் உண்மையைச் சொல்லும்போதும் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

சி.எஃப். அட்டவணையில் இந்த இரண்டும் வெவ்வேறு மாறிகள். பங்கு விகிதத்தில் சொன்னால் மோல்_ஃப்ராக்‌ஷன்_ஆஃப்_சல்ஃபர்_டையாக்சைடு_இன்_ஏர். நிறையில் சொன்னால் மாஸ்_கான்சென்ட்ரேஷன்_ஆஃப்_சல்ஃபர்_டையாக்சைடு_இன்_ஏர். முன்னதற்கு அலகு வெறும் 1, பின்னதற்குக் கனமீட்டருக்குக் கிலோகிராம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வெப்பநிலையும் அழுத்தமும் தெரிந்திருக்க வேண்டும். பூஜ்ய டிகிரியில் கணக்கிட்டால் அதே 2.62 என்பது 2.86 ஆகிவிடும். ஆகவே இவை ஒரே பொருளின் இரண்டு அலகுகள் அல்ல, இரண்டு வெவ்வேறு அளவுகள் என்று அட்டவணை எடுத்திருக்கும் நிலைப்பாடு முற்றிலும் சரியானது. நாட்டின் 2009ஆம் ஆண்டுத் தரநிலை கந்தக டையாக்சைடுக்கு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று நிறையில்தான் வரம்பு சொல்கிறது என்பதால், அதனோடு ஒப்பிடப்போகும் எவரும் முதலில் தம்மிடம் இருப்பது எது என்று பெயரிலேயே உறுதிசெய்துகொள்ள முடிகிறது.

நான் மிகவும் ரசித்த பெயர் பிஎம்25 என்னும் நுண்துகள் அளவுக்கானது, எங்கள் கோப்பில் மிக நீளமான பெயரும்கூட: மாஸ்_கான்சென்ட்ரேஷன்_ஆஃப்_பிஎம்2பி5_ஆம்பியன்ட்_ஏரோசால்_பார்ட்டிகிள்ஸ்_இன்_ஏர். முதன்முதலில் பார்த்தபோது, இவ்வளவு எதற்கு, பிஎம்25 என்றால் போதாதா என்றுதான் நினைத்தேன். அதில் ‘ஆம்பியன்ட்’ என்ற சொல் எங்களுக்கு ஒரு பாடமே நடத்தியது. காற்றில் இருக்கும் நுண்துகள்கள் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். வெளியே இருக்கும் ஈரப்பதத்திலேயே அவற்றை அளந்தால் ஆம்பியன்ட். உலர்த்தி அளந்தால் டிரை. அட்டவணை இரண்டையும் தனித்தனியே வைத்திருக்கிறது. எங்கள் பெட்டிகள் ஒளிச்சிதறலை வைத்துத் துகளைக் கணக்கிடுபவை. உள்ளே வரும் காற்றை அவை சூடாக்குவதில்லை. கண்காணிப்பு நிலையங்களில் உள்ள பீட்டாக் கதிர்க் கருவிகளோ உள்ளிழுக்கும் குழாயிலேயே காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துவிடுகின்றன. மார்கழி விடியற்காலையில், காற்றில் ஈரம் நிறைந்திருக்கும் நேரத்தில், மணலி நிலையத்தின் அளவைவிட எங்கள் அளவு எப்போதும் மிகக் கூடுதலாக இருந்ததற்கு ஒரு காரணம் அங்கே கிடைத்தது. அதுவரை, நிலையத்தில்தான் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று எங்கள் வட்டத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அது தவறான பேச்சு. அந்தப் பெயரைப் படித்த பிறகு நிறுத்திக்கொண்டோம்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெய்த அளவு, பெய்யும் வேகம், நீர்ப்படலத்தின் உயரம் என்று மூன்றுக்கும் தனிப் பெயர்கள் உள்ளன. ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோகிராம் நீர் என்பது ஒரு மில்லிமீட்டர் மழை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஈரா5 என்னும் ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவில் மழை மீட்டரில் இருக்கும், 0.012 (அதாவது 12 மில்லிமீட்டர்) என்பதைப் பார்த்து மழையே இல்லை என்று எழுதிய மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆனால் பெயர் மட்டும் எல்லாவற்றையும் சுமக்காது என்பதை மழைதான் நன்றாகக் காட்டுகிறது. 2015 டிசம்பர் 2 என்ற தேதிக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. என்று பதிவாகியிருக்கும் மழை, முந்தைய நாள் காலை 8.30 மணியிலிருந்து அன்று காலை 8.30 மணி வரை பெய்தது. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, அது கூட்டுத்தொகையா சராசரியா உச்சமா என்பவற்றைச் சி.எஃப். மரபு பெயரில் வைப்பதில்லை. நேர எல்லைகளுக்கும், ‘செல் மெத்தட்ஸ்’ என்னும் குறிப்புக்கும் தனி இடங்கள் கொடுத்திருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடிய நிகழ்வை நினைத்துப் பாருங்கள். அம்மோனியாவுக்கான வரம்பு 24 மணி நேரச் சராசரியில் 400 மைக்ரோகிராம். சில நிமிடங்களுக்குள் மூச்சைத் திணறடிக்கும் ஒரு வாயுவை நாள் சராசரியோடு ஒப்பிட்டாலும், நிமிட அளவை நாள் வரம்போடு ஒப்பிட்டாலும், இரண்டும் தவறான ஒப்பீடுகளே. எங்கள் கோப்பில் இப்போது ஒவ்வொரு மாறிக்கும் அந்தக் குறிப்பு கட்டாயம். இதைப் பெயருக்குள்ளேயே சேர்த்திருக்கலாமே என்று தொடக்கத்தில் நினைத்தேன். அப்படிச் சேர்த்திருந்தால் நாலாயிரம் பெயர் நாற்பதாயிரமாகியிருக்கும். பிரித்து வைத்ததே நல்லது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. பள்ளியில் நாம் எழுதப் பழகிய ஆங்கில எழுத்துக்கூட்டல் இங்கே செல்லாது. கந்தகத்துக்கு எஃப் எழுத்தைத்தான் போடவேண்டும், பி, எச் போட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று சரிபார்ப்பு மென்பொருள் தள்ளிவிடும். இதற்காக மட்டும் நாங்கள் ஒரு மாலை முழுவதையும் இழந்தோம். பெயர்கள் நீளமானவை, வரைபடத்தில் அச்சுக்குப் பக்கத்தில் அடங்காதவை. அதற்கெனத் தனியே ஒரு சுருக்கப் பெயரை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘சர்ஃபேஸ்’ என்ற சொல் வளிமண்டலத்தின் அடி எல்லையை மட்டுமே குறிக்கும் என்பது தெரியாமல், தரையிலிருந்து இரண்டு மீட்டர் உயரக் காற்றுக்கும் அதைப் போட்டுவிடுகிறவர்கள் பலர். உயரத்தைத் தனி ஆயமாக (கோஆர்டினேட்) குறிக்க வேண்டும் என்பது விளக்கத்தைத் தேடிப் படித்தால்தான் தெரிகிறது. தமிழில் இந்த விளக்கங்கள் இருந்தால் எங்களிடம் வரும் முதலாண்டு மாணவர்களுக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும். நாங்கள் பயன்படுத்தும் இருபத்திரண்டு பெயர்களுக்கு மட்டும் மொழிபெயர்த்துச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, இதைக் குறை என்று சொல்லலாமா என்றுகூட எனக்குத் தயக்கம் உண்டு. சோதனைக்காக ஒரு நாள், மின்சுற்றுப் பலகையின் சூட்டுக்கு வேண்டுமென்றே ஏர்_டெம்பரேச்சர் என்று பெயரிட்டுச் சரிபார்ப்பு மென்பொருளுக்குக் கொடுத்தேன். பெயர் அட்டவணையில் இருக்கிறது, அலகு பொருந்துகிறது, எனவே கோப்பு சரி என்று அது சொல்லிவிட்டது. பெயர் உண்மையா என்பதை அட்டவணையால் அறிய முடியாது. மாடிக்கு ஏறிப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்தான் அறிய முடியும்.

மாற்று வழிகளையும் முயன்றோம். வானிலைக் கோப்புகளில் மாறிகளைக் குறிக்கும் உலக வானிலை அமைப்பின் கிரிப் எண்கள் கணினிக்கு நல்லவை. வெப்பநிலைக்கு 0, 0, 0 என்று மூன்று எண்கள். மனிதர் படித்துப் புரிந்துகொள்ள அவற்றில் எதுவும் இல்லை. காலநிலை மாதிரியாளர்களின் டிஏஎஸ், டிஎஸ் போன்ற சுருக்கங்கள் கைக்கு அடக்கமானவை. ஆனால் முன்னது காற்று, பின்னது தரை என்று யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். நாமே ஒரு பட்டியல் உண்டாக்கிக்கொள்ளலாம் என்ற யோசனையும் எழுந்தது. அதைப் பேணும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியோடு அது முடிந்துபோயிற்று. சி.எஃப். அட்டவணையில் ஒரு பெயர் திருத்தப்பட்டாலும் பழைய பெயர் அழிக்கப்படுவதில்லை. புதிய பெயருக்கு மாற்றுப்பெயராக அது தொடர்ந்து இருக்கும். நுண்துகளுக்கான பெயரே முன்பு ‘பார்ட்டிகிள்ஸ்’ என்ற சொல் இல்லாமல் இருந்ததுதான். அந்தப் பழைய பெயருள்ள கோப்பு இன்றும் பொருள் இழக்கவில்லை. பத்தாண்டு கழித்து இங்கே யார் இருப்போம் என்று தெரியாத எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இந்த ஒரு குணமே போதுமான காரணம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: முதல் நாளே எல்லா மாறிகளுக்கும் பெயர் தேடாதீர்கள். உங்களிடம் இருப்பவற்றில் அதிகம் கேட்கப்படும் மூன்றை எடுத்துக்கொண்டு, அவற்றின் விளக்கங்களை முழுதாகப் படித்து, கருவியின் முன்னால் நின்று ஒவ்வொரு சொல்லும் பொருந்துகிறதா என்று பாருங்கள். எங்களுக்கு மூன்றுக்கு ஒரு வாரம் பிடித்தது. மீதிப் பத்தொன்பதுக்கு இரண்டு வாரமே ஆயிற்று.

பழைய கோப்புகளை எல்லாம் திருத்தி முடித்துவிட்டோம், கொடுங்கையூர் பெட்டியின் ஒரு பத்தியைத் தவிர. அதன் தலைப்பு ‘எஸ்2’ என்று மட்டும் இருக்கிறது. பதினான்கு மாத அளவீடுகள், ஒரு நாள்கூட விடுபடாமல் இருக்கின்றன. அந்தப் பெட்டியைப் பொருத்தியவர் வேலை மாறிப் போய்விட்டார். கருவியும் மழையில் நனைந்து கழற்றப்பட்டுவிட்டது. கந்தக டையாக்சைடா, இரண்டாவது சென்சாரா, வேறு எதுவுமா என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை. நியமப் பெயருக்குரிய இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம்.